பழைய கல்விக் கடன்: ஒளிந்து வாழ வேண்டியதில்லை

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது, செயற்குழுவிலேயே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பிரியாணி தம்மில் இருக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு தேவையா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு எங்கள் பதில் இதுதான். ஐம்பது ஆண்டாக நாம் கூடியும் பேசாத விஷயம் இது ஒன்றுதான். குடும்பம் குடும்பமாக எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இன்றைக்குப் பேசாவிட்டால் வேறு எப்போது பேசுவது?

நம் வழக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸா தொழுகைக்கு முன் குடும்பத்தில் மூத்தவர் எழுந்து நின்று சொல்வார்: மய்யித்துக்கு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு. இந்த வழக்கத்துக்கு வேர் இருக்கிறது. இரண்டு தீனார் கடன் வைத்து இறந்தவருக்குத் தொழவைக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதையும் நாம் எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறோம். ஏற்றுக்கொண்டதோடு விடாமல், கட்டிவிட்டாயா என்று நபியவர்கள் மறுபடியும் கேட்டார்கள் என்பதையும் கேட்டிருக்கிறோம்.

நம் ஜனாஸாக்களில் அந்த அறிவிப்பைக் கேட்டு மளிகைக்கடைக்காரர் வருவார், நண்பர் வருவார். வராத ஒரு கடன்காரர் உண்டு. அவர் கல்விக் கடன். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துப் போட்டது. மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. அலமாரியின் அடித்தட்டில் பிரிக்காத உறைகளாகக் கிடக்கும். அந்த உறைகளைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். அதற்கு முன் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பச்சைப் பேரேடு

இந்த மலருக்குப் பழைய புகைப்படம் தேடி அலுவலக அலமாரிகளை ஒழித்தபோது, பச்சை அட்டை போட்ட ஒரு பேரேடு கிடைத்தது. 1970களின் கடைசியில் நம் முன்னோர் நடத்திய கல்விக் கடன் நிதியின் கணக்கு அது. இளையவர்கள் பலருக்கு அப்படி ஒரு நிதி இருந்ததே தெரியாது. சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, பணமாற்றுக் கடை என்று இந்த ஊரில் உழைத்தவர்கள், ரமழானில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்த பணம். வட்டி கிடையாது, அழகிய கடன். சென்னை நியூ கல்லூரிக்கும் திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்கும் படிக்கப் போன பிள்ளைகளுக்கு எம்.வி. சிதம்பரம் கப்பல் கட்டணம் இதிலிருந்துதான் போயிருக்கிறது. இங்கேயே பாலிடெக்னிக் படித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் போயிருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. வரவுப் பக்கத்தில் முதலில் நெருக்கமாக எழுத்து, பிறகு இடைவெளி, பிறகு வெற்றுத்தாள். திரும்பி வராத கடனால் நிதி வற்றிவிட்டது. யாரும் மூடச் சொல்லி மூடவில்லை. கொடுக்கப் பணம் இல்லாமல் நின்றது.

இதை என்ன செய்வது என்று மூன்று கூட்டம் பேசினோம். ஒரு தரப்பு, எல்லாவற்றையும் மன்னித்துப் பேரேட்டை மூடிவிடலாம் என்றது. இன்னொரு தரப்பு, அது ஏழை எளியவர் போட்ட பணம், மன்னிக்க நாம் யார் என்று கேட்டது. இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில், முதலில் ஆளைத் தேடுவோம், பிறகு முடிவு செய்வோம் என்று கடிதம் எழுதினோம். அதட்டும் கடிதம் இல்லை. உங்கள் பெயர் எங்கள் கணக்கில் இருக்கிறது, வந்து பாருங்கள், பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதினோம்.

இரண்டு பதில்களை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம்.

முதலாவது, ஒரு ராத்தா. அவருடைய கணவரின் பெயரில் முழுத்தொகையும் நிலுவை என்று பேரேடு சொல்கிறது. அவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதற்குள் நம் சங்க முத்திரை போட்ட ரசீதுகள், ஒன்றுவிடாமல். கணவர் முழுக் கடனையும் கட்டி முடித்திருக்கிறார். வாங்கியவர் பேரேட்டில் பதியவில்லை. நாற்பது ஆண்டாக நம் ஏட்டில் கடனாளியாக இருந்த மனிதர், கடன் இல்லாமல் மௌத்தானவர். அந்த ராத்தாவிடம் செயற்குழு மன்னிப்புக் கேட்டது. இந்தச் சபையிலும் கேட்கிறது.

இரண்டாவது, கிளுவாங் பக்கமிருந்து பேருந்தில் வந்த ஒரு பெரியவர். உறையில் பணம் கொண்டுவந்தார். எண்ணி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "இந்தக் காசுக்காகத்தான் தம்பி நான் உங்க பக்கமே வரலை. தம்பி மகள் கல்யாணம் இந்த மண்டபத்துலதான் நடந்துச்சு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசுவீங்கன்னு நெனச்சேன்."

யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. உண்மை என்னவென்றால், அந்தப் பேரேட்டை யாரும் திறக்கவே இல்லை. அவர் நம்மிடமிருந்து ஒளிந்தார். நாம் அவரை மறந்தோம். பணம் போனதைவிட, ஒரு மனிதரை முப்பது ஆண்டுக்கு மேல் இழந்திருந்தோம். நாம் இன்றைக்குப் பேசுவதன் சாரம் இதுதான். பழைய கடனில் தொகையைவிடப் பெரிய நஷ்டம், அது ஆளை ஒளிய வைப்பது. ஒளிவதை நிறுத்தினாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பேரேட்டிலிருந்து நாட்டுக்கு

நம் நிதி நின்றுபோன பிறகு வளர்ந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? வசதி உள்ளவர் வீட்டில் அத்தா காசு கொடுத்தார். மற்றவர்கள் தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகத்துக்குப் போனார்கள். நாம் எல்லாரும் பி.டி.பி.டி.என். என்று சொல்வது அதைத்தான். 1997ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து, அவ்வாண்டு நவம்பரில் செயல்படத் தொடங்கியது. ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் விழுந்துகொண்டிருந்த நேரம். அந்தக் கடன் இல்லையென்றால் நம்மில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி வந்திருக்க மாட்டார். இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அன்று பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளே எஸ்.பி.எம். எழுதப் போகிறார்கள். முழுவதும் கட்டி முடித்தவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். கட்டாமல் விட்டவர்களும் உண்டு. ஏன் விட்டார்கள்? ஏமாற்றும் எண்ணம் உள்ளவர் எல்லா ஊரிலும் சிலர் இருப்பார்கள். எங்களிடம் வந்து பேசியவர்கள் சொன்ன காரணங்கள் வேறு. படிப்பு பாதியில் நின்றது, கடன் மட்டும் நின்றது. வேலை கிடைக்க இரண்டு ஆண்டு ஆனது. கல்யாணம், குழந்தை, உம்மாவின் மருத்துவம். மாதம் மாதம் தள்ளி, பிறகு வெட்கத்தில் தள்ளி, பிறகு பயத்தில் தள்ளியது.

சிறு தொகை கட்டிவந்தவர்களுக்கும் ஒரு சோர்வு வந்தது. அதன் கணக்கைப் பாருங்கள். பழைய ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு 3 விழுக்காடு நிர்வாகச் செலவு இருந்தது. 20,000 ரிங்கிட் பாக்கி உள்ளவருக்கு அது ஆண்டுக்கு 600 ரிங்கிட். அவர் மாதம் 50 ரிங்கிட் கட்டுகிறார் என்றால் ஆண்டுக்கு அதுவும் 600. அசல் நின்ற இடத்திலேயே நிற்கும். பத்து ஆண்டு கட்டியும் குறையவில்லையே என்று அவர் கையை உதறிவிடுவார். 2008இல் உஜ்ரா முறை வந்து, கட்டணம் 1 விழுக்காடாகக் குறைந்தது. அதே 20,000 கடனுக்கு ஆண்டுக்கு 200தான். அதே 50 ரிங்கிட்டில் 400 அசலுக்குப் போகும். பழைய ஒப்பந்தக்காரர்களும் உஜ்ராவுக்கு மாற வழி திறந்தார்கள். ஆனால் கடிதத்தைப் பிரிக்காதவருக்கு இது எப்படித் தெரியும்? உங்கள் கணக்கு எந்த முறையில் இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஜொகூர்க்காரர்களான நமக்கு இந்தக் கடன் இன்னொரு விதத்தில் சுட்டது. நம் வீட்டில் பாதிப் பேருக்குச் சோறு பாலத்துக்கு அந்தப் பக்கம். கடனைக் கட்டாதவர்களின் பெயரைக் குடிநுழைவுத் துறையின் தடைப்பட்டியலில் சேர்க்கும் நடைமுறை சில ஆண்டுகள் இருந்தது. கோலாலம்பூரில் இருப்பவருக்கு அது விடுமுறைப் பயணம் கெட்டுப்போவது. நமக்கு அது வேலையே போவது. விடிகாலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் சுல்தான் இஸ்கந்தார் கட்டடத்துக்குப் போன நம் சமூகத்துப் பிள்ளை ஒருவர், பஜ்ருக்கு முன்பே வீடு திரும்பிய கதை எங்களுக்குத் தெரியும். மகனுக்குக் கடன் பாக்கி இருப்பதே அன்றைக்குத்தான் அத்தாவுக்குத் தெரியும். கடிதங்கள் எல்லாம் லார்கினில் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக்குப் போயிருக்கின்றன. முகவரி மாறியதை மகன் தெரிவிக்கவில்லை. 2018 ஜூனில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். மீண்டும் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழாமல் இல்லை.

தடை நீங்கியதும் நம்மில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கடனே நீங்கிவிட்டதுபோல் சிலர் நடந்துகொண்டார்கள். நீங்கியது தடை; கடன் அங்கேயேதான் இருக்கிறது. நாம் திருப்பிக் கட்டும் பணம்தான் அடுத்து வரும் பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. பச்சைப் பேரேட்டில் நடந்தது நாட்டுக் கணக்கிலும் நடக்கலாம்.

உறையைப் பிரித்த பிறகு

சரி, இருபது ஆண்டுப் பழைய கடன் ஒன்று நம் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது? எங்களுக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறோம். வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

முதலில் கணக்கு அறிக்கை கேளுங்கள். உண்மையில் உங்கள் கைக்கு வந்த தொகை எவ்வளவு, கட்டியது எவ்வளவு, கட்டணம் எவ்வளவு சேர்ந்தது என்று தனித்தனியாகப் பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ராத்தாவின் பிஸ்கட் டின்னை மறக்காதீர்கள். பழைய கணக்கில் பிழை வருவது இயல்பு. கேட்காமலே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், பார்க்காமலே மறுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். முழுவதையும் ஒரே நாளில் கேட்கிறார்களே என்று பயந்து ஓட வேண்டியதில்லை. தவணையை மாற்றி அமைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாதம் 300 என்று வீறாப்பாகச் சொல்லி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, 100 என்று சொல்லி நிறுத்தாமல் கட்டுவது மேல். ஒப்புக்கொண்டது எதுவாயினும் எழுத்தில் வாங்குங்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கும் வசதியைக் கல்விக் கடனுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது முதுமைக்கான பணம், யோசித்துச் செய்யுங்கள். கடன் பல இடத்தில் சிக்கிக் கிடந்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். ஜொகூர் பாருவிலேயே அதற்குக் கிளை உண்டு.

மூன்றாவது, நீதிமன்றச் சம்மன் வந்தால் ஒருபோதும் ஒதுக்கிவைக்காதீர்கள். 100,000 ரிங்கிட் வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கே வரும். நீங்கள் போகாவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதப்படும். அதன் பிறகு, கணக்கில் பிழை இருந்ததைச் சொல்லக்கூட வாய்ப்பு சுருங்கிவிடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் இருக்கின்றன.

நான்காவது, காலாவதி. ஆறு ஆண்டு கட்டாமல் இருந்தால் கடன் செத்துவிடும் என்று கடையில் டீ குடிக்கிறவர் எல்லாரும் சொல்வார்கள். அதில் அரை உண்மை இருக்கிறது. தீபகற்பத்தில் நடப்பிலுள்ள 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், ஒப்பந்தம் சார்ந்த வழக்குக்கு ஆறு ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆறு ஆண்டு எந்த நாளிலிருந்து என்பது ஒப்பந்தத்தையும் தவணைகளையும் பொறுத்தது. இடையில் ஒரு தவணை கட்டினாலோ, கடன் உண்டு என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலோ கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கலாம். ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தால் அதை நிறைவேற்ற பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் மிகப் பழைய கடன் என்றால், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டுங்கள். டீக்கடைச் சட்டத்தை நம்பி உட்காராதீர்கள். உலகம் முழுவதும் இது ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் அரசாங்கக் கல்விக் கடனுக்கு 1991 முதல் காலவரம்பே கிடையாது, கிழவரானாலும் துரத்தும். இங்கிலாந்தில் குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்தால் மீதியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் மனசாட்சிக்கு ஏற்ப எழுதிக்கொண்டது.

நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சட்டத்தில் வழக்குப் போடும் உரிமை காலாவதி ஆகலாம். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது மறுமைக் கணக்கில் காலாவதி ஆவதில்லை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கட்ட நினைத்தும் முடியாதவனின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். கையில் இருந்தும் சட்ட ஓட்டையைத் தேடுகிறவனையும் அவன் அறிவான்.

ஐந்தாவது, தரகர்கள். உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறேன், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்று தொலைபேசியில் வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். நம் உறுப்பினர் ஒருவர் அப்படி ஒருவரிடம் முன்பணம் கொடுத்து, கடனும் குறையாமல் காசும் போய் நின்றார். பணத்தைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தள்ளுபடிச் சலுகைகள் உண்மையிலேயே அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தரகர் தேவையில்லை, நேரே கேட்டாலே போதும்.

ஜாமீன் போட்ட மாமாக்களுக்கு

பழைய ஒப்பந்தங்களில் ஜாமீன் கையெழுத்தும் இருக்கும். மருமகனுக்காகப் போட்ட மாமா, கடைப் பையனின் மகனுக்காகப் போட்ட முதலாளி, பள்ளிவாசலில் பழக்கமான ஒருவருக்காகப் போட்ட ஹாஜியார். எழுபது வயதில் அவர் வீட்டுக்குக் கடிதம் போகிறது. அவருக்கு அது மானப் பிரச்சினை. இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அவர்களுக்கு ஒரு ஆறுதல் சொல்கிறோம். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த திவால் சட்டத் திருத்தத்தின்படி, லாபம் கருதாமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் போட்டவரைச் சமூக ஜாமீன்தாரர் என்கிறார்கள். அவர்மேல் திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. கடன் வாங்கியவர் மேலும் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனு போட முடியாது. அந்த வரம்பு 2021இல் உயர்த்தப்பட்டது. ஆனால் திவால் இல்லை என்பதால் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. வழக்கு வரலாம். கடன் வாங்கிய தம்பிமார்களே, உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பணத்தோடு போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. "மாமா, மறக்கலை, இப்படிக் கட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் இரவு தூங்குவார்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டாலோ, பி.டி.பி.டி.என். கடன் பாக்கியை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழோடு குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததால் மறைந்த பிள்ளையின் பெயருக்கு வருடக் கணக்கில் கடிதம் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய வேதனை! முதல் தரப் பட்டம் பெறும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்கு உண்டு என்பதையும் இங்கே இருக்கும் மாணவர்கள் நினைவில் வையுங்கள்.

உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர் ஸகாத்தை நினைக்கத் தயங்குகிறார். அத்தியாயம் தவ்பாவின் அறுபதாம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகை. அது பிச்சை அல்ல, உரிமை. ஜொகூர் மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் விண்ணப்பித்துப் பாருங்கள். தகுதியை அவர்கள் முடிவு செய்வார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம்.

சங்கம் செய்யப்போவது

பேச்சோடு விடுவதற்காக இந்த மேடைக்கு வரவில்லை. செயற்குழு நான்கு முடிவு எடுத்திருக்கிறது.

பச்சைப் பேரேட்டில் மௌத்தானவர்களின் கடனை வாரிசுகளிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் சும்மா கோடு கிழித்து அழிக்கவும் இல்லை. செயற்குழு உறுப்பினர்களும் சில நல்ல உள்ளங்களும் தங்கள் கையிலிருந்து அந்தத் தொகையை நிதியில் சேர்க்கிறோம். அபூ கதாதா (ரலி) அவர்கள் காட்டிய வழி அது. முதல் தவணை கட்டியாகிவிட்டது.

உயிரோடு இருந்து சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை காத்திருக்கச் சொல்வதும், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்பதும் அத்தியாயம் பகரா நமக்குக் கற்பிப்பது. வசதி உள்ளவர் கட்ட வேண்டும். அவரிடம் இருவர் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுவார்கள். பள்ளிவாசலிலோ, கல்யாண வீட்டிலோ, வாட்ஸ்அப் குழுவிலோ யாருடைய கடனையும் யாரும் பேசக் கூடாது. அப்படிப் பேசுகிறவர் குழுவில் இருக்க முடியாது.

மூன்றாவது, மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கும். 2025 முதல் நமக்கு ஞாயிறு விடுமுறை திரும்பி வந்திருப்பது இதற்கு வசதி. உறையைப் பிரிக்கப் பயப்படுகிறவர் அதை அப்படியே கொண்டுவரலாம். கணக்குத் தெரிந்த ஒருவரும் மலாய் நன்றாக எழுதும் ஒருவரும் கூட இருந்து பிரிப்பார்கள். சட்டம் தெரிந்த நம் பிள்ளைகள் இருவர் முறைவைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பேசுவது அங்கேயே நிற்கும்.

நான்காவது, திரும்பி வரும் பணத்தோடு கல்விக் கடன் நிதியை மறுபடி தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த முறை ஒழுங்காக எழுதி வைப்போம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர், சாட்சி, தவணை என்று எல்லாவற்றையும் அது சொல்கிறது. நம் முன்னோர் நம்பிக்கையில் கொடுத்தார்கள்; அந்த நம்பிக்கைக்குக் குறைவில்லை. எழுத்தில் குறை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் கணக்கு அனுப்புவோம். கட்டிய ஒவ்வொரு காசுக்கும் ரசீதும் பதிவும் இருக்கும். கட்ட முடியாத மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் ஒளிய வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் இப்போதே சேமிக்கத் தொடங்குங்கள். 2004 முதல் பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பில் போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கிறது. மாதம் 50 ரிங்கிட் போட்டாலும், பிள்ளை பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும் கடன் அந்த அளவுக்குக் குறையும். அப்படியும் கடன் வாங்க நேர்ந்தால், கையெழுத்துப் போடும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவு, எப்போது, எப்படித் திருப்பிக் கட்டுவது என்று அன்றைக்கே பேசுங்கள். சம்பளம் வந்த முதல் மாதம் மறுபடியும் கேளுங்கள். திட்டுவதற்காக இல்லை, அவன் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதற்காக.

கிளுவாங் பெரியவர் அன்று உறையை வைத்துவிட்டு எழுந்தபோது, இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றோம். முதலில் மறுத்தார். பிறகு உட்கார்ந்தார். பழைய தலைவர் ஒருவர் வந்து அவரை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே கப்பலில் போனவர்களாம். இன்றைக்கு அவர் இந்த மண்டபத்தில் தம் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். எந்த வரிசை என்று சொல்ல மாட்டோம்.

அவரைப்போல் இன்னும் வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருப்பவர்கள் நம் உறவுகளில் இருக்கிறார்கள். இன்று இங்கே இல்லாத அவர்களை உங்களுக்குத் தெரியும். இந்த மலர் ஒன்றை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கடனைப் பற்றிக் கேட்க வேண்டாம். முதல் ஞாயிறு மேசை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் பாரத்திலிருந்தும் அது தரும் இழிவிலிருந்தும் காப்பானாக. கொடுத்தவர்களின் நன்மையைப் பெருக்குவானாக. வாங்கியவர்களுக்குத் திருப்பித் தரும் வசதியைத் தருவானாக. கடனோடு மறைந்தவர்களின் சுமையை இறக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.